திண்டிவனம் வரை போன ஈப்போ பயணம்

மலேசியாவில் இருக்கிற ஈப்போவுக்கு நான் காரில் போயிருக்க வேண்டும். விமானத்தில் போனேன். இந்தப் பயணத்தில் கொண்டாட ஒன்றுமில்லை. படம்கூட எடுக்கவில்லை. இதைப் படித்தால் மனம் உடைந்துபோகக்கூடிய ஒரே ஆளும் இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் நான் ட்ராவல்ஸ் வைத்திருக்கிறேன். ட்ராவல்ஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு குவாலிஸ், ஒரு வேன், ஓட்டுவதற்கு நான். காசி, கயா, நேபாளம் என்று புண்ணியம் தேடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அவர்கள் சாமி கும்பிடுகிற நேரத்தில் நான் வண்டி நிழலில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஆனால் நேபாளம் போய்வந்தவன் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை நம்பித்தான் என் மச்சான் ஏழுமலை என்னைப் பிடித்தார்.

ஏழுமலை என் மனைவியின் அண்ணன். விழுப்புரத்தில் தண்டவாளத்தைத் தாண்டி ஒரு சந்தில் வீடு. கல் உடைக்கும் கிரஷரில் வாலிபம் முழுவதும் போயிற்று. கடைசியில் நெஞ்சு முழுக்கக் கல்தூசி. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு ஓர் ஆக்சிஜன் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் இரும்பு சிலிண்டருக்கு மாற வேண்டும். நாள் பாதி மின்வெட்டு இருந்த காலம் அது. ஆகையால் அவர் உயிர் அந்த சிலிண்டர்களில்தான் இருந்தது.

அவருக்கு ஒரே மகள், பரிமளா. ஈப்போவில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். அங்கே போன சில வருஷங்களிலேயே அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், இதயமும் கெட்டு, டயாலிசிஸ் நாற்காலியே கதி என்று ஆகியிருந்தது. அவளை ஊரைத் தாண்ட டாக்டர் விடவில்லை. இவரை விமானத்தில் ஏற்றினால் உயிரோடு இறங்கமாட்டார் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். அப்பன் ஒரு மிஷினோடு, மகள் ஒரு மிஷினோடு, நடுவில் கடல்.

"போன்ல மூஞ்சிய காட்டறாளே, போதாதா?" என்று அவர் மனைவி அஞ்சலை கேட்டாள்.

"கண்ணாடிக்குள்ள பாக்கறது பாக்கறதா? அவ கைய ஒரு வாட்டி புடிச்சிட்டேன்னா போதும். அப்பறம் எங்க வேணா போட்டுட்டு வாங்க" என்றார் ஏழுமலை.

பர்மா வழியாகக் காரில் போக விடுகிறார்களாம் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். மணிப்பூரில் எல்லையைத் தாண்டினால் பர்மா, அப்புறம் தாய்லாந்து, அதற்குக் கீழே மலேசியா. கடலே குறுக்கே வராது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியதை அன்றுதான் பார்த்தேன். இது நடக்காது என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்துகொண்டே "ஆவட்டும் மச்சான்" என்றேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

பாஸ்போர்ட்டு, வண்டிக்கான அனுமதி என்று அலைந்த கதையெல்லாம் இங்கே வேண்டாம். எந்த அலுவலகத்திலும் அலுவலகத்துக்குரிய பதில்தான் கிடைத்தது. சாலையைப் பற்றி விசாரித்த கதைதான் சுவையானது.

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் அத்தோ கடை போட்டிருந்தார். பர்மாவிலிருந்து வந்த குடும்பம். சாயங்காலம் போய் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, பர்மாவில் ரோடு எப்படி என்று கேட்டேன். கையால் நூடுல்ஸைப் பிசைந்துகொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க வரும்போது எங்கம்மா இடுப்புல குந்திக்கினு வந்தேன். எனுக்கு இன்னா சார் ரோடு தெரியும்?"

பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, எல்லையில் மோரே என்று ஓர் ஊர் உண்டு, அங்கே நம் ஆட்கள் தங்கிவிட்டார்கள், அங்காளம்மன் கோயில்கூட இருக்கிறதாம் என்றார். நான் போய் இதைச் சொன்னதுதான் தாமதம், ஏழுமலை துள்ளிவிட்டார். மேல்மலையனூர் அங்காளம்மன் அவர்கள் குலதெய்வம். "பாத்தியா மாப்ள, நமக்கு முன்னாடியே ஆத்தா போய் ஒக்காந்துக்கினு இருக்கா" என்றார். அஞ்சலை வாய்க்குள் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சாயங்காலம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றித் தனிச் சண்டை நடந்தது. கேப்பை மாவு, வேர்க்கடலையை இடித்துச் செய்த மல்லாட்டை உருண்டை, மரக்காணத்திலிருந்து வரவழைத்த கருவாடு என்று அஞ்சலை மூட்டை கட்டினாள். கருவாடும் மல்லாட்டையும் பரிமளாவுக்கு ஆகாது, உப்பையே டாக்டர் நிறுத்திவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். "மோந்தாவது பாக்கட்டுமே" என்றாள் அஞ்சலை.

ஒரு நாள் வெள்ளோட்டம் பார்த்தோம். குவாலிஸின் நடு சீட்டில் மெத்தை போட்டு, சிலிண்டரைக் கட்டி, ஏழுமலையை உட்காரவைத்து மண்டகப்பட்டு வரை போனோம். ஊர்களுக்கெல்லாம் அவரே வேறு பெயர் வைத்துவிட்டார். செஞ்சி ரோடு ஏறியதும் ஆந்திரா, அதைத் தாண்டினால் கல்கத்தா, மண்டகப்பட்டுதான் மணிப்பூர். "கல்கத்தாவுல டீ குடிக்கலாமா மாப்ள?" என்று கேட்டார். நிறுத்தினேன். டீ ஆறிப்போயிருந்தது. அதையும் ரசித்துக் குடித்தார்.

மண்டகப்பட்டில் பல்லவன் குடைந்த கோயில் ஒன்று பாறைக்குள் இருக்கிறது. அவரால் இறங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தப் பாறையை வெகுநேரம் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் சிற்பத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

"நல்ல கல்லு மாப்ள. கிரஷருக்கு ஓட்டியிருந்தானுங்கன்னா இதுவும் என் நெஞ்சுலதான் வந்து ஒக்காந்துருக்கும்" என்றார்.

திரும்பும்போது டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டிருந்தபோது, ரோட்டில் மல்லாட்டை காயப்போட்டிருந்த ஒரு பெண்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தாள். மூக்கில் குழாயைப் பார்த்துவிட்டு, "இந்த ஒடம்ப வெச்சிக்கினு எங்க கூட்டிக்கினு போறீங்க?" என்று என்னைத் திட்டினாள். ஏழுமலை உள்ளேயிருந்து "மலேசியாவுக்கும்மா" என்றார். அவள் இரண்டு கை மல்லாட்டையை சீட்டில் கொட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மண்டகப்பட்டுக்கே இவ்வளவு. பர்மா மலையில் எவன் சிலிண்டர் நிரப்பித் தருவான்? முள்ளை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வேறு பேச்சுப் பேசினோம்.

அனுமதி வரத் தாமதமாகிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஒரு நாள் பரிமளா போன் செய்தாள். ஈப்போ கோயில் ஐயரிடம் நாள் பார்த்தாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை விட்டால் அப்பா ராசிக்கு நெடும்பயணம் கிளம்ப நல்ல நாள் வெகுதூரம் தள்ளிப் போகிறதாம்.

"கிளம்ப முடியலன்னா பரவால்லப்பா, பரஸ்தானம் வெச்சிருங்க" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டோம்.

பரஸ்தானம் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதபோது, பயணத்துக்கான மூட்டையைப் போகும் திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. வைத்த பொருள் வீடு திரும்பக் கூடாது. திரும்பினால் பயணம் கெட்டது. ஊரில் பொதுவாக ஒரு மஞ்சள் பையை வைப்பார்கள். ஏழுமலை காரையே வைக்கலாம் என்றார். விழுப்புரத்துக்கு வடக்கே திண்டிவனம், அங்கே என் வீடு. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"சிலிண்டர் எல்லாத்தையும் வண்டியிலயே ஏத்திடுங்கப்பா. ஒண்ணுகூட மறக்கக் கூடாது. எது இல்லாம இருக்க முடியாதோ அதத்தான் பரஸ்தானத்துல வெக்கணுமாம், ஐயரு சொன்னாரு" என்றாள் பரிமளா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே ஏற்றினேன். ஒன்றிரண்டு வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. மிஷினோடு சேர்த்திருந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அதுவும் பாதிதான் இருந்தது. "ரெண்டு மணி நேரம் கரண்ட்டு போவும், வரும். இது போதும் மாப்ள. அவ ஆசப்பட்டு நாளு பாத்துருக்கா, அரகொறையா செஞ்சா மனசு ஒடஞ்சிடுவா" என்றார். பிறகு அவளுக்கு போன் போட்டு, "ஏத்தியாச்சும்மா, அப்பா கெளம்பிட்டேன்" என்றார். அந்தப் பக்கம் அவள் அழுதது கேட்டது.

மயிலத்தில் வண்டியை நிறுத்தி, மலையடிவாரத்தில் சூடம் காட்டி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, திண்டிவனம் கொண்டுவந்து என் கொட்டகையில் விட்டேன். என் மனைவி வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆள் விழுப்புரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவர் பயணம் எங்கள் கொட்டகையில் நின்றது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், நல்ல வெயிலில், அஞ்சலை பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, ட்ரான்ஸ்பார்மரு வெடிச்சிப் போச்சு. காத்தாலேர்ந்து கரண்ட்டு இல்ல. சிலிண்டரு முள்ளு செவப்புல நிக்குது. உங்களுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு என் கையப் புடிச்சிக்கினு உடல, ஒதறிட்டு ஓடியாந்தேன்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போம்மா! ஆம்புலன்ஸுக்குச் சொல்லு!"

"வாணாங்கறாரு. அங்க போனா படுக்க வெச்சிடுவாங்க, அப்பறம் டாக்டரு பயணம் போவ உடமாட்டாருங்கறாரு. வண்டிய மட்டும் திருப்பக் கூடாதாம். வேற எதுலனா சிலிண்டர வெச்சி அனுப்புங்கண்ணே, ஜல்தியா."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அவர் மேல் கோபம், பஞ்சாங்கத்தின் மேல் கோபம். "ஆம்புலன்ஸ கூப்புடு, அவரு சொல்றத கேக்காத" என்று கத்திவிட்டு, சிலிண்டர்களை வேனுக்கு மாற்ற நேரமில்லாமல் காரையே எடுத்தேன். என் மனைவி வாசலில் நின்று, "பரஸ்தானம் வெச்ச வண்டிங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே கேட்டைத் திறந்துவிட்டாள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற ரோடு. அன்று கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குப் போகும் காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்திருந்தது. ஹாரனை அழுத்தியபடி நின்றேன். ஒரு போலீஸ்காரர் கண்ணாடியில் தட்டி, "சாமிக்கு வழி உடுய்யா, பேஜாரு பண்ணாத" என்றார். பின்னால் சிலிண்டர்களைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவரே ஓடிப்போய்க் கூட்டத்தைப் பிளந்து வழி செய்தார். டோல்கேட்டில் மறுபடியும் வரிசை. பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. வண்டி நிறையக் காற்று, கொண்டுசேர்க்க வழியில்லை.

நான் போனபோது சந்தில் ஆட்கள் நின்றார்கள். நான் திண்டிவனம் ரோட்டிலிருந்து கேட்டைத் தாண்டாமல் வந்துவிட்டேன்; ஊருக்குள்ளிருந்து வந்த ஆம்புலன்ஸ் ரயில்வே கேட் மூடியிருந்ததால் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. அஞ்சலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. சிலிண்டரை இழுத்து வந்து, திருகி, மூக்கில் வைத்தேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. அதை இழுக்க அவருக்குள் ஆள் இல்லை.

"வண்டி சத்தம் கேட்டுச்சிண்ணே. கேட்ட ஒடனே வாசலத்தான் பாத்தாரு" என்றாள் அஞ்சலை.

அவரைக் கீழே கிடத்தும்போது மின்சாரம் வந்தது. மிஷின் தானாகவே ஓட ஆரம்பித்து, புஸ் புஸ்ஸென்று காற்று விட்டது. அஞ்சலை எழுந்துபோய் அதை நிறுத்தினாள்.

பரிமளாவிடம், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னோம். எடுப்பதை போனில் பார்த்தாள். பிறகு, யாராவது ஒருவர் வாங்க, அப்பாவைக் கடைசியாகப் பார்த்த ஒரு முகத்தை நான் பார்க்கணும் என்று கேட்டாள். அஞ்சலையால் முடியவில்லை. நான் கிளம்பினேன். அவர் போட்டிருந்த சட்டை ஒன்றைத் துவைக்காமல் மடித்து அஞ்சலை என் பையில் வைத்தாள்.

விமானம் மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் கடலைத் தாண்டிவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், கீழே பார்க்கப் பிடிக்கவில்லை.

ஈப்போவில் டாக்ஸிக்காரர் தமிழர். "ஊர்லேருந்தா வர்றீங்க? சுத்திப் பாக்கவா?" என்றார். ஆமாம் என்றேன். வழி முழுக்கச் சுண்ணாம்பு மலைகளைக் காட்டி, ஒவ்வொரு குகைக்குள்ளும் இருக்கிற கோயிலைச் சொல்லிக்கொண்டு வந்தார். சில மலைகளைப் பாதி வெட்டியிருந்தார்கள். வெள்ளையாகத் தூசி படிந்த லாரிகள் எதிரே வந்தன. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

முதல் நாள் பரிமளா என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் கை குச்சியாக இருந்தது, முகம் மட்டும் ஊதியிருந்தது. சட்டையை வாங்கித் தலையணை மேல் விரித்துக்கொண்டாள். அவள் கணவன் எனக்கு ரொட்டி சானாய் வாங்கிவந்தான். நம் பரோட்டாவுக்குத் தம்பி மாதிரி இருந்தது, பருப்புக் குழம்போடு நன்றாகவே இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் டயாலிசிஸுக்குக் கூடப் போனேன். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மிஷின். நடுவில் விளக்கு ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். நர்ஸ் என்னைப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள். "ஜெனரேட்டர் இருக்கு, உங்க மாமாவை உட்காரச் சொல்லுங்கன்னு சொல்றாங்க" என்று பரிமளா சொன்னாள். உட்கார்ந்தேன். நான் அங்கே இருந்தவரை மின்சாரம் போகவே இல்லை. அந்த ஊரில் நான் பொறாமைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் கேட்டாள். அவள் கேட்பாள் என்று விமானம் ஏறும்போதே தெரியும்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லணும். அன்னிக்கி வூட்ல கரண்ட்டு இருந்துச்சா?"

"இல்லம்மா. போயி போயி வந்துக்கினு இருந்துச்சு."

"அப்ப சிலிண்டரு? எல்லாத்தையும் வண்டியில ஏத்தச் சொன்னது நானு. ஏத்தியாச்சுன்னு அப்பா சொன்னாரே." அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. "அங்க சிலிண்டரு இருந்துச்சா இல்லியா?"

நான் சிரித்தேன். எப்படிச் சிரிப்பு வந்ததென்று தெரியவில்லை.

"உங்கப்பன பத்தித் தெரியாதா? உங்கிட்ட ஏத்தியாச்சுன்னு சொன்னாரு. போன வெச்ச ஒடனே, எறக்குடா மாப்ள, அவ கெடக்கறா சின்னப் பொண்ணுன்னாரு. ரெண்ட எறக்கி கட்டிலுக்கடியில வெச்சிட்டுத்தான் நான் வண்டிய எடுத்தேன். கடைசி வரைக்கும் மூக்குல காத்து போய்க்கினுதான் இருந்துச்சு. தூக்கத்துல நெஞ்சு நின்னுப் போச்சு, அவ்ளோதான்."

"எங்கிட்ட பொய் சொன்னாரா?"

"ஆமாம்மா."

அப்பா சட்டையின் பொத்தானைத் திருகினாள்.

"நல்ல வேள மாமா," என்றாள். "அப்பா எப்பவும் நான் சொல்றத அப்பிடியே கேப்பாரு. இந்த ஒரு தடவ கேக்காம உட்டாரே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா செத்த சேதி வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான் என்று, என்னை விமான நிலையத்தில் இறக்கிவிடும்போது அவள் கணவன் சொன்னான்.